மிரண்டால்தான் முள் ஏறும்

மிட்டாயில் ஒரு முடி இருந்தது.

நாக்கில் அது தட்டுப்பட்டபோது பூட்டுக்காரர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் மீசை முடியாக இருக்கும், வயசானால் எல்லாம் உதிரத்தான் செய்யும் என்று நினைத்து, மிட்டாயைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு, தூண்டில் கம்பைத் தாங்கியில் சாத்தி அதன் நுனியில், மீன் கடித்தால் அடிக்கிற சின்ன மணியை மாட்டினார். விடிந்து வெகு நேரமாகியும் பனிமூட்டம் விலகவில்லை. கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் அது. மூன்று பக்கமும் சுவர் எழுப்பியதுபோல் பாறை, நாலாவது பக்கம் பழைய பம்ப் அறை. அங்கிருந்து தண்ணீருக்குள் நீண்டது பலகைப் பாலம். இரும்புப் பீப்பாய்களின் மேல் மிதப்பது, எதிரில் ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லாத அகலம். அதன் கடைசியில் அவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தால் பம்ப் அறை தெரியவில்லை. பாலமே பாதியில் அறுத்தெடுத்ததுபோல் பனிக்குள் முடிந்துபோயிருந்தது. பீப்பாய்களுக்கு அடியில் தண்ணீர் சளப் சளப்பென்று நக்கியது. துருவும் பாசியும் கலந்த வாடை. அதற்கும் மேலே, எங்கிருந்தோ, சோம்பு வாசனை.

சோம்பு அவருடைய ரகசியம். ஆயுசு முழுக்க, சாவி தொலைத்தவன் வீட்டுப் பூட்டைத் திறந்துகொடுத்துப் பிழைத்தவர். ஆகவே எந்தப் பூட்டையும் நம்பாதவர், எந்த ஆளையும் நம்பாதவர். கெண்டைக்குப் போடும் மாவில் பூண்டு அரைத்துச் சேர்ப்பது எல்லாப் பயலுக்கும் தெரியும். சோம்பை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் மாவைப் பிசைந்தால் கெண்டை கிறங்கி வரும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. மனைவியின் தம்பி, பஸ் கண்டக்டர், டிக்கெட் கிழிக்கிற மாதிரி அதைக் கிழித்து ஊருக்கே கொடுத்துவிட்டான். தூண்டில்காரர்கள் செல்போனில் வைத்திருக்கும் குழுவில், படத்தோடு. அன்றோடு பேச்சு நின்றது.

"எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். ஒரு மீனுக்காகவா உறவ அறுப்பீங்க?" என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள்.

"மீனுக்காக இல்ல. அவன் வாய்க்காக," என்றார்.

அதற்குப் பிறகுதான் மிட்டாய் வர ஆரம்பித்தது. முதலில் பம்ப் அறை வாசல் கல்லின் மேல் ஒன்று. சோம்பு மிட்டாய். காகிதம் சுற்றவில்லை, ஆனால் ஓர் எறும்புகூட அண்டவில்லை. அவர் தொடவில்லை. அடுத்த தடவையும் இருந்தது, முகர்ந்து பார்த்தார். அதற்கடுத்த தடவை நக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பாலத்தின் முதல் பலகையில் இருந்தது. அப்புறம் நடுப் பலகையில். கண்டக்டர் பயல் சமாதானத்துக்குத் தூது விடுகிறான், விடட்டும். மிட்டாய் தின்றால் மன்னித்ததாக ஆகிவிடுமா என்ன? தின்றார். அவனிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. இன்று அது கடைசிப் பலகையில், அவர் உட்காரும் இடத்துக்கு நேராகக் காத்திருந்தது.

பலகை ஆடியது. பின்னால் யாரோ வருகிறார்கள். அந்த நடை அவருக்குத் தெரியும். ஓடுகிற பஸ்ஸில் நின்று பழகிய கால், ஆடுகிற பலகைக்கு அசராது.

"மாமா! இருக்கீங்களா, இல்ல மீன் உங்களப் புடிச்சிட்டுப் போயிருச்சா?"

கன்னத்தில் அவன் மிட்டாய். அவன் கண்ணில் பட்டால் மானம் போய்விடும். கடிக்கவும் நேரமில்லை. முழுசாக விழுங்கினார். தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது.

மிட்டாய் இறங்கிவிட்டது. முடி இறங்கவில்லை. உதட்டோரத்தில் வெளியே நின்றது.

மைத்துனன் பனிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்து நின்றான். எதையோ மென்றுகொண்டிருந்தான். "இன்னும் கோவமா? சரி, நீங்க பேச வேணாம், நானே பேசிக்கறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் சேந்து வரணுமாம். தனியா வந்தா கதவே தெறக்க மாட்டாளாம் அக்கா. பூட்டுக்காரர் வீட்டுக்கே பூட்டு!"

அவர் முகத்தைத் தண்ணீர் பக்கம் திருப்பிக்கொண்டு, முடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக, அறுபடாமல் வந்துகொண்டே இருந்து, பிறகு நெஞ்சுக்குழிக்குள் எதிலோ மாட்டியதுபோல் நின்றது. பல்லால் கடித்தார். அறவில்லை. தூண்டில் நரம்பு அறுக்க வைத்திருக்கும் நகவெட்டியால் நெரித்தார். நகவெட்டி வழுக்கியது.

"ஒண்ணு சொல்லணும் மாமா. முந்திரிக்கு ரொம்ப தேங்க்ஸ்."

"என்ன முந்திரி?" பேசுவதில்லை என்ற வைராக்கியம் அதோடு போயிற்று.

"ஐயே, நடிக்காதீங்க. மொதல்ல பம்ப் ரூம் வாசல்ல. அப்புறம் இந்தப் பாலத்துல. உப்புப் போட்டு வறுத்து, எனக்குப் புடிச்ச மாதிரியே. நீங்க கெளம்பினப்புறம் வந்து பொறுக்கித் தின்னுட்டுதான் போவேன். மாமா மன்னிச்சுட்டாரு, சொல்லத்தான் வாய் வரலன்னு அக்காகிட்டகூட சொன்னேனே."

"நான் எதுவும் வைக்கல. மிட்டாய் நீதான வச்ச?"

"எந்த மிட்டாய்?"

பீப்பாய்களுக்கு அடியில் தண்ணீர் நக்குவது நின்றிருந்தது.

மைத்துனன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். "இன்னிக்கு முந்திரிலதான் என்னமோ இருந்துச்சு. பல்லுல முடி மாட்டின மாதிரியே இருக்கு."

பூட்டுக்காரர் நகவெட்டியை மெதுவாகப் பலகையில் வைத்தார். இரை போடுகிறவன் எவனும் பாசத்தால் போடுவதில்லை. அவருக்குத் தெரியாதா? பெரிய கெண்டை சந்தேகப் பிராணி. அதற்கு வாரக்கணக்கில் தூண்டில் முள்ளே இல்லாமல் இரை தூவுவார். முதலில் முகரும், துப்பும், பிறகு தின்னும். கொஞ்சம் கொஞ்சமாக இடத்தை மாற்றித் தனக்குத் தோதான பக்கம் கொண்டுவருவார். கடைசியில் அதே இரையை முடிபோல் மெல்லிய நூலில் கட்டி, முள்ளுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார். கெண்டை உறிஞ்சும், ஏதோ குத்தும். அந்த நேரம் அசையாமல் நின்று துப்பிவிட்டால் பிழைக்கலாம். எந்தக் கெண்டையும் நின்றதில்லை. மிரண்டு ஓடும், ஓடும்போது தூண்டில் நரம்பில் கோத்த ஈயக்குண்டின் கனம் முள்ளை ஏற்றிவிடும். மிரண்டால்தான் முள் ஏறும் என்று நாலு பேர் நடுவில் மார்தட்டியவர் அவரேதான்.

உதட்டிலிருந்து முடி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். தண்ணீருக்குள் என்று நினைத்தார்.

இல்லை.

மேலே போனது. நேராக. பனிக்குள்.

"மாப்ள." குரலைத் தாழ்த்தினார். "அசையாத. என்ன ஆனாலும் ஓடாத. வாயத் தெற. மெதுவாத் துப்பு."

"என்ன மாமா, வெளையாடுறீங்களா?" சிரிக்கப் பார்த்தான். அவர் கண் போன திசையில் அவன் கண்ணும் போனது. சிரிப்பு பாதியில் நின்றது. விரலில் சிக்கியதை இழுத்தான். இன்னும் இழுத்தான்.

"இது வர மாட்டேங்குது மாமா. உள்ள குத்துது."

"ஓடாத. நான் இருக்கேன்ல. என்னப் பாரு. என்ன மட்டும் பாரு."

"குத்துது மாமா..."

"மாப்ள!"

ஓடினான்.

பலகை தடதடத்தது. பனி அவனை மூடியது. மேலே ஒரு மணி அடித்தது.

அவருடைய மணி அடிக்கவில்லை. அது கம்பு நுனியில் சும்மா இருந்தது.

காலடி நின்றது. ஆள் குதித்தால் பலகை அமுங்கும். இது எழும்பியது. பாரம் இறங்கியதுபோல்.

கிர்ர்ர் என்று உயரத்தில் ஒரு சத்தம். நின்றது. மறுபடி கிர்ர்ர். அவருக்குத் தெரிந்த சத்தம், தூண்டில் சக்கரம் சுழலும் சத்தம். ஓட விட்டு, இழுத்து, ஓட விட்டு, களைக்க வைக்கிற சத்தம். "மாமா" என்று இடப்பக்கம் கேட்டது. பிறகு வலப்பக்கம், மிக உயரத்தில். பிறகு தலைக்கு நேர் மேலே, வார்த்தை இல்லாமல்.

ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்தது.

அப்புறம் கட்டையால் அடிக்கும் சத்தம். ஒரே அடி. பிடித்த மீனை அவரும் ஒரே அடிதான் அடிப்பார்.

அமைதி.

அவர் அசையவில்லை. ரெண்டு பேரும் சேந்து வரணும் என்று சொல்லியனுப்பியிருந்தாள் மனைவி. அழுகை நெஞ்சில் முட்டியது. அழக் கூடாது. அழுதால் நெஞ்சு குலுங்கும். உள்ளே கூரான ஒன்று, மெத்தென்ற எதன் மேலோ, இன்னும் ஏறாமல் சாய்ந்திருந்தது. பின்னால் பாலம். அதைக் கடந்தால் பம்ப் அறை, ரோடு, வீடு. எழுந்திருக்க முடியாது. கூப்பிட முடியாது. மூச்சைப் பாதி இழுத்தார். பாதி விட்டார்.

முடி தொய்ந்தது.

இழுக்கவில்லை. தொய்ய விட்டிருக்கிறது. சந்தேகப் பிராணிக்கு அவரும் அப்படித்தான் தொய்ய விடுவார்.

டக்.

வலது காலுக்குப் பக்கத்தில் ஏதோ விழுந்தது. உருண்டு வந்து விரலைத் தொட்டு நின்றது. மிட்டாய்.

டக். டக்.

பிறகு ஒரு கைப்பிடி. பலகையில், மடியில், தோளில், தண்ணீரில். அவரைச் சுற்றி வட்டமாக, ஒரே சீராக, அவர் கெண்டைக்குத் தூவுகிற மாதிரியே. சோம்பு வாசனை மூக்கை நிறைத்தது.

வாயில் எச்சில் ஊறியது.

விழுங்கக் கூடாது. விழுங்கினால் தொண்டை அசையும். எச்சில் உதட்டோரம் வழிந்து, தொய்ந்த முடி வழியாக மோவாயில் இறங்கியது. மேலே எதுவும் அசையவில்லை. பொறுமையாகக் காத்திருந்தது.

எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.