எலும்பு முறிவு வார்டின் மதியச் சாப்பாடு

மதியம் ஒன்றரை மணி. எலும்பு முறிவு வார்டுக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. அதில் ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. அது மூலைப் படுக்கைப் பெரியவருக்கு. கட்டுப்போட்ட காலைத் தொங்கவிட்டபடி படுத்திருந்த லாரி ஓட்டுநர், அவர் உண்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, கட்டில் கம்பியைத் தட்டித் தட்டி அந்தத் தளத்தையே ஒரு வழி பண்ணினார்.

இரண்டு மணிக்கெல்லாம் சாப்பாட்டுத் திருடனைக் கண்டுபிடித்துவிட்டதாக நிர்வாக அதிகாரி அறிவித்தார். திருடன், தலைமைச் சமையல்காரராம். சமையலறைப் பின்வாசல் வழியே இரண்டு பெரிய பாத்திரங்கள் வெளியே போனதைக் காவலாளி கண்டிருந்தார். மாலைக்குள் வேலைநீக்க உத்தரவு கையெழுத்தாகிவிடும்.

கணினிப் பிரிவின் தலைவிக்கு இதைக் கேட்டதும் தலை சுற்றியது. மருத்துவமனையின் பழைய தரவுத்தளத்தை மூடி, புதியதைத் திறந்தது அன்று காலையில்தான். பழையதிடம் கேட்டுவந்த கேள்விகளையெல்லாம் புதியதற்குப் புரியும் எஸ்க்யூஎல் என்ற கணினி மொழிக்கு மாற்றி மாற்றி, மாதக்கணக்கில் அவளுக்கு மண்டை காய்ந்திருந்தது. எதையும் குடைந்து குடைந்து கேட்பவள் என்பதால் அலுவலகத்தில் அவள் பெயர் ‘துருவி’. மாற்றிய முதல் நாளே ஒரு வார்டு பட்டினி என்றால், பழியைச் சமையல்காரர் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள்.

“பாத்திரம் எங்கண்ணே போச்சு?”

“பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்துக்கு. மிஞ்சினதைச் சாக்கடையிலயா கொட்டுறது?” என்றார் சமையல்காரர்.

“எப்படி மிஞ்சிச்சு?”

“ஆள் கணக்குப் பார்த்து ஆக்கினேன். கம்ப்யூட்டர்லேர்ந்து சீட்டு கம்மியா வந்துச்சு. பேரும் படுக்கை நம்பரும் அச்சடிச்ச சீட்டு இல்லாம தட்டு வெளிய போகக் கூடாதுன்னு நிர்வாக அதிகாரி சார்தானே சட்டம் போட்டாரு? உங்க ஆபீசுக்குப் போன் பண்ணினேன். ‘வந்த சீட்டுதான் சரி’ன்னு ஒரு தம்பி வெச்சுட்டாரு. அனுப்பினாலும் குத்தம், அனுப்பாட்டாலும் குத்தம்னா நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?”

அந்தத் தம்பி யாரென்று துருவிக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்வதால் அவனுக்கு ‘அப்படியே’ என்று பெயர். அலுவலகத்துக்குத் திரும்பி அவன் மேசை முன் போய் நின்றாள்.

“சாப்பாட்டுச் சீட்டுக் கேள்விய எப்படி மாத்தினே?”

“அப்படியே மாத்தினேங்க்கா. திரவ உணவுக்காரங்களுக்குத் தனி வண்டி. அவங்க அல்லாத எல்லாருக்கும் சீட்டு. பழசுலயும் அதே நிபந்தனை, புதுசுலயும் அதே. சோதிச்சும் பார்த்துட்டேன்.”

“யாரை வெச்சு?”

“நானே கொஞ்சம் நோயாளிங்கள உருவாக்கினேன். ஒரு கட்டம் விடாம நிரப்பி, பார்க்கவே லட்சணமா இருக்கும்.”

“ஏண்டா, நிஜ ஆஸ்பத்திரிக்கு எவனாவது லட்சணமா வருவானா?” துருவி கதவை அறைந்து சாத்திக்கொண்டு வார்டுக்கு நடந்தாள்.

“சிஸ்டர், மூலைப் பெரியவருக்கு என்ன பத்தியம்?”

“சர்க்கரை. இந்த வார்டுல அவர் ஒருத்தருக்குத்தான் பத்தியம்.”

“மத்தவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல அந்தப் பத்தியக் கட்டத்துல என்ன எழுதுவீங்க?”

“இல்லாததுக்கு என்னத்தம்மா எழுதுறது? சும்மா விட்டுடுவோம். அதோ அந்த டிரைவருக்கு வயித்துல என்ன கேடு? இப்போ கல்லைக் குடுத்தாலும் கடிச்சுத் தின்னுடுவாரு.”

நான்கு மணி. நிர்வாக அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். எதிரே சமையல்காரர் கைகட்டி நின்றார். துருவி, ‘அப்படியே’யின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள்.

“குற்றவாளி இதோ, சார். அப்படியே மாத்தினதுதான் குத்தம்.”

“ரெண்டுலயும் ஒரே கேள்விதானாமே?” என்றார் அதிகாரி.

“கேள்வி ஒண்ணுதான். பதில் சொல்றவன் மாறிட்டான். ஒரு ராஜா, சிவப்புச் சட்டைக்காரனைத் தவிர எல்லாரையும் கோட்டைக்குள்ள விடச் சொன்னாராம். ஒருத்தன் போர்வையப் போத்திக்கிட்டு வந்தான். பழைய காவல்காரன், ‘சிவப்பைக் காணோம், போ’ன்னு விட்டுட்டான். புதுசா வந்தவன், ‘உள்ள என்ன சட்டைன்னு எனக்குத் தெரியாது. சிவப்பு இல்லேன்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் விடுவேன்’னு வாசல்லயே நிறுத்திட்டான். காலியா விட்ட கட்டம்தான் அந்தப் போர்வை. பழைய தரவுத்தளத்துக்குக் காலின்னா வெறும் காலி. திரவம்னு எழுதல, அதனால சீட்டு உண்டு. எஸ்க்யூஎல்லுக்குக் காலின்னா ‘தெரியாது’. திரவ உணவான்னு கேட்டாலும் தெரியாது, இல்லையான்னு கேட்டாலும் தெரியாது. ‘ஆமா’ன்னு பதில் வந்தாத்தான் சீட்டு அடிக்கும். பெரியவருக்குச் சர்க்கரைன்னு கட்டம் நிரம்பியிருந்துச்சு, சாப்பிட்டார். எதை வேணும்னாலும் சாப்பிடலாங்கறவங்க அத்தனை பேரும் பட்டினி!”

“‘காலியா இருந்தாலும் சேர்த்துக்கோ’ன்னு அரை வரிதானேக்கா விட்டுப்போச்சு?” என்று ‘அப்படியே’ முனகினான்.

“அந்த அரை வரியில ஒரு மனுஷன் வேலை போக இருந்துச்சுடா!”

அதிகாரி பேனாவை மூடினார்.

“இத்தனை வருஷத்துல என் பேர்ல ஒரு புகார் உண்டா, சார்?” என்று கேட்டார் சமையல்காரர். “புகார்க் கட்டம் காலியா இருக்கறவனைப் பத்தி உங்களுக்கும் எதுவும் தெரியாது போலிருக்கு. போகட்டும். அடுப்பை மூட்டப் போறேன். கீழே தட்டு தூக்க ஆள் பத்தல.”

அவர் படியிறங்கினார். நிர்வாக அதிகாரி முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, அவர் பின்னாலேயே இறங்கிப் போனார்.