குழியை நினைக்காத பதினோரு நாள்

மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோதுதான் சாலம்மாளுக்கு முதன்முதலில் அந்த வாடை அடித்தது. விளக்கெண்ணெய் தடவிய முடியிலிருந்து, புழுங்கிய ராகியும் ஈர மண்ணும் கலந்து, இளஞ்சூடாகத் தொண்டையை அடைக்கும் வாடை. தானியக் குழியைத் திறக்கும்போது மட்டுமே வருவது. குழியோ கொல்லையில் கற்பலகை போட்டு மண் பூசி ஒன்றரை வருஷமாக மூடியே கிடக்கிறது. மகளின் தலையை மறுபடி முகர்ந்து பார்த்தாள். வெறும் விளக்கெண்ணெய்.

யுத்தத்தின் நான்காவது வருஷம் அது. பாலக்கோட்டுச் சந்தையில் அரிசியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. வீட்டில் மாவுப் பானையின் அடி தெரிந்துவிட்டது. அன்று காலைதான் அவள் புருஷன் தீர்த்தகிரி, அமாவாசை கழித்துக் குழியைத் திறப்பது என்று நாள் குறித்திருந்தான். இன்னும் பதினோரு நாள்.

குழியின் வாய் ஓர் ஆள் நுழையுமளவுதான். உள்ளே பானை வயிறாக விரிந்து இரண்டு ஆள் ஆழம் போகும். மூடிக்கிடந்த குழியில் காற்று கெட்டுப்போயிருக்கும் என்பதால் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். சுடர் நின்று எரிந்தால் இறங்கலாம். அணைந்தால், இறங்குகிற ஆளும் அணைவான். விளக்கிறக்கிப் பார்ப்பது வீட்டுக்காரியின் வேலை. இறங்குகிறவன் முன்கூட்டி எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். நாள் குறித்த பிறகு வீட்டில் யாரும் குழியைப் பற்றிக் கெட்டதாக நினைக்கவும் கூடாது. நினைத்தால் குழிக்குத் தெரிந்துவிடுமாம்.

அன்று மாலையே சாலம்மாள் நினைத்துத் தொலைத்தாள். தீர்த்தகிரி குழிக்குள் மல்லாந்து கிடக்கிறான். திறந்த வாய் நிறைய ராகி. ஒரு கணம்தான் தெரிந்தது. பதறிப்போய், கெட்டதாக ஒரு நினைப்பு வருகிறது என்று புருஷனிடம் சொல்ல ஆரம்பித்தாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

“அத நெனைக்காத புள்ள,” என்றான். “நெனைக்கவே நெனைக்காத.”

நல்ல மனுஷன், அதட்டிக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மனசு என்ன, முளைக்குச்சி அடித்தால் நிற்கிற ஆடா? நினைக்கவில்லைதானே என்று அவள் தன்னையே தொட்டுப் பார்த்தபோதெல்லாம் அது அங்கேயே இருந்தது, வாய் நிறைய ராகியோடு. தலையை உதறினாள், நாக்கைக் கடித்தாள், மாரியம்மன் பெயரைச் சொன்னாள். சொல்லி முடித்த இடத்தில் அவன் கிடந்தான். மூன்றாம் நாள் கொல்லைப் பக்கம் போவதை விட்டாள். ஐந்தாம் நாள் திரிகையில் ராகி அரைபடும் சத்தத்தில் கற்பலகை நகர்வது கேட்டது. எட்டாம் நாள் புருஷன் களியை உருட்டி வாயில் போட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரவில் அவன் மூச்சுவிடுகிறானா என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். உடம்புக்கு என்ன என்று அவன் கேட்டான். சொன்னால் நினைத்ததாகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. பாவம், அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஒன்று மட்டும் கைவந்திருந்தது. அந்தக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்ததும் கண்ணை இறுக மூடி மனசைச் சட்டென்று சாத்திவிடுவாள்.

பதினோராம் நாள் காலையில் தீர்த்தகிரியும் பக்கத்து வீட்டிலிருந்த அவன் தம்பி கோவிந்தனும் பலகையைப் புரட்டித் தள்ளினார்கள். கோவிந்தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். உச்சிவெயில் வரும்வரை குழியை ஆறவிட்டு, தீர்த்தகிரி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு குழிக்கு முதுகைக் காட்டி நின்றான்.

சாலம்மாள் விளக்கை இறக்கினாள். கயிறு கைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. வாடை முகத்தில் அடித்தது. குனிந்து பார்க்க வேண்டும். பார்த்தால் அது தெரியும். கண் மூடிக்கொண்டது.

“எரியுதா?”

“எரியுதுங்க.”

சொன்னது அவள் வாய்தான். குழி வாயின்மேல் போட்ட குறுக்குக் கட்டையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து அவன் இறங்கினான். கட்டை முனகியது. ராகி சரசரத்தது. இருமல், ஒரே ஒரு தரம். பிறகு கயிறு தளர்ந்தது.

அவள் விளக்கை இழுத்தாள். சுடர் இல்லை. திரியில் புகைகூட இல்லை.

அவள் போட்ட கத்தலில் கோவிந்தன் வேலி தாண்டி ஓடி வந்தான். “விளக்கு நின்னு எரிஞ்சுச்சா அண்ணி?” என்று கேட்டுக்கொண்டே கயிற்றைப் பிடித்தான்.

பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். இறங்காதே என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் உள்ளே கிடப்பதை நினைக்க வேண்டும். கண்ணும் மனசும் சாத்திக்கொண்டன. அவள் சாத்தவில்லை. தானாக.

“எரிஞ்சுச்சு தம்பி,” என்றது வாய்.

சரசரப்பு. இருமல் இல்லை.

அதன் பிறகுதான் கண் திறந்தது. மூட முயன்றாள். மூடவில்லை. உச்சிச் சூரியன் குழிக்குள் நேராக விழுந்திருந்தது. இரண்டு முகங்கள். மல்லாந்து. இரண்டு வாயிலும் ராகி. பதினோரு நாளும் அவள் தள்ளித் தள்ளி விட்டது ஒரு முகத்தைத்தான்.

தெருவில் ஆட்கள் ஓடி வரும் சத்தம். முன்னால் வந்த பச்சியப்பன், எதிர்வீட்டுக்காரர், தலையில் கட்டியிருந்த உருமாலை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டே கேட்டார், விளக்கு நின்று எரிகிறதா என்று. அவள் தன் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். விரல்களுக்கு உள்ளே உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.