தடம் பார்ப்பவனின் நாற்காலி

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெகானி ஜீப்பை ஓட்டிக்கொண்டு வறண்ட ஆற்றுப் படுகைக்கு வந்துவிட்டான். கூரையில்லாத வண்டி. அந்த நாட்டில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; குளிர் எலும்பு வரை இறங்கியது. பின்னால், காட்டு விலங்குகளைப் பார்க்க வரும் விருந்தாளிகளின் மூன்று வரிசை இருக்கைகளும் காலி. பானெட்டின் இடது மூலையில், விலங்குகளின் தடம் பார்ப்பவனுக்கென்று துருத்திக்கொண்டு நிற்கும் ஒற்றை நாற்காலியும் காலி.

காலிதான் என்று அவனே சொல்லிக்கொண்டான். அதை நேராகப் பார்க்கும் தைரியம் மட்டும் இல்லை.

பன்னிரண்டு வருடம் அந்த நாற்காலியிலிருந்து ஜபுலானி கை காட்ட, பெகானி ஓட்டினான். பெண்டாட்டிகளோடு பேசியதைவிட இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் அதிகம். சிங்கம் பக்கத்தில் வந்தால் தடம் பார்ப்பவன் எழுந்து வண்டிக்குள் வந்துவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் அவன் எழப் போனபோது, "படம் எடுக்கறாங்கடா, ஒரு நிமிஷம் அப்படியே இரு" என்று சொன்ன பாவி பெகானிதான்.

அப்படியே இருந்தான், சிங்கம் பாயும் வரை.

இப்போதும் இருக்கிறான். பெகானி தனியாக ஓட்டும்போதெல்லாம் அந்த நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்குகிறது. ஜபுலானி போடும் மூக்குப்பொடியின் வாசனை வருகிறது.

விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஸோட்வா, ஜபுலானியின் மனைவி, நேற்று அவனை மடக்கிப் பிடித்தாள்.

"நாளைக்கு என் தம்பி சென்ஸோவ அதுல உக்கார வைக்கப் போறாங்க. அவரு இன்னும் எந்திரிக்கலண்ணே. எந்திரிக்காம தம்பி போய் உக்காந்தா, அவனையும் கூட்டிட்டுப் போயிடுவாரு."

"நான் என்னம்மா பண்ணட்டும்?"

"இருன்னு சொன்னது நீங்க. எழுப்பறதும் நீங்கதான்."

காட்டு இலந்தையின் முட்கிளை ஒன்றை அவளே வெட்டிக் கொடுத்தாள். அவர்கள் வழக்கப்படி, செத்த இடத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆவியைக் கிளையில் ஏற்றி, தனி இருக்கை கொடுத்து அவளிடம் கூட்டிவர வேண்டும். வழியெல்லாம் அவனோடு மட்டும்தான் பேச்சு. வேறு யாரிடமாவது வாய் திறந்தால் இறங்கிவிடுவான். அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டாலும் வர மாட்டான்.

பெகானி கிளையை மணலில் வைத்தான்.

"ஜபுலானி, எந்திரிடா. உள்ள வா." குனிந்து கிளையைத் தொட்டான். "அன்னைக்கே சொல்லியிருக்கணும்டா."

சில்வண்டுகளின் இரைச்சல் நின்றது.

கிளையைத் தூக்கினான். கனத்தது.

அதைத் தன் பக்கத்து இருக்கையில் வைத்தபோது இருக்கை கிறீச்சென்றது. முன்னால் பானெட் நாற்காலியின் மெத்தை உப்பிக்கொண்டு நின்றது. மூன்று வாரத்தில் முதல் தடவை.

வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினான். சிறுத்தை குட்டி போட்டதைச் சொன்னான். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை என்று சொன்னான். பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் அத்தனை நாள் தனிமைக்கு அது ஆறுதலாக இருந்தது.

விடுதியின் விளக்குகள் தெரிந்தன. ரேடியோ கரகரத்தது. மேலாளர்.

"பெகானி, எங்க இருக்க? எல்லாரும் காபி குடிச்சாச்சு."

பன்னிரண்டு வருடப் பழக்கம். கை தானாக ரேடியோவுக்குப் போனது.

"ரெண்டே நிமிஷம் சார்."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான்.

பக்கத்தில் மூச்சு இல்லை.

"ஜபுலானி... டேய்..."

முன்னால் மெத்தை மெல்ல அமுங்கியது.

விடுதி வாசலில் ஸோட்வா ஓடிவந்து கிளையை வாங்கினாள். சருகு போல் லேசாக இருந்ததில் அவள் முகம் வெளுத்தது.

"யார்கிட்டண்ணே பேசினீங்க?"

பெகானி ரேடியோவைப் பார்த்தான். அதற்குள் விருந்தாளிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சிரித்தபடி பின்னால் ஏறிவிட்டார்கள். புதுச் சீருடையில் நடுங்கிக்கொண்டே சென்ஸோ ஒரே எட்டில் பானெட் மேல் தாவினான்.

"ஏறாதடா!" ஸோட்வா கத்தினாள்.

"அட, சும்மா இரு அக்கா." அவன் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டான். "இந்தக் குளிர்லயும் சீட்டு கதகதன்னு இருக்கு. இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி."