ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, ஆற்றோரக் குடியிருப்பின் சுகாதார நிலையத்துக்கு வயிற்றுப்போக்கோடு பதினான்கு குழந்தைகள் வந்தன. இரண்டு இறந்தன.

மறுநாள் காலை மழை விடவில்லை. நர்ஸ் பெஞ்சுகளைக் கூரை ஒழுகாத பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தபோது, ஒருவன் தோளில் குழந்தையோடு உள்ளே பாய்ந்து வந்து அவள் மேலேயே மோதினான். நனைந்த சட்டை, முழங்கை வரை காய்ந்த சிமெண்ட். பின்னால் மூச்சிரைக்க அவன் அக்கா, குழந்தையின் தாய்.

நர்ஸ் நிமிர்ந்தாள். அவனுக்குத் தூங்காத கண்கள்... கோபமா, பயமா என்று பிரித்தறிய முடியாத கண்கள். அவற்றை விட்டுப் பார்வையை எடுக்க அவளுக்கு ஒரு கணம் ஆனது.

"ட்ரிப்ஸ் போடுங்க," என்றான் கொத்தனார்.

குழந்தை அழுதது, கண்ணில் நீரே இல்லை. நர்ஸ் அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். மடிப்பு மெதுவாகவே இறங்கியது. கரண்டியில் தண்ணீர் காட்டியதும் ஆவலாகக் குடித்தது.

"வாயால குடிக்கிறா. ட்ரிப்ஸ் எதுக்கு? கரண்டி போதும்."

"பணக்காரன் பிள்ளைக்குக் குழாய், எங்க பிள்ளைக்குக் கரண்டியா?"

"குடிக்கிற பிள்ளை யாருதா இருந்தாலும் கரண்டிதாங்க. வீட்டுல என்ன குடுத்தீங்க?"

அவன் ஒரு பாட்டிலை நீட்டினான். வயிற்றுப்போக்குக்கென்று நிலையத்தார் தெருவில் கொடுத்த உப்பு-சர்க்கரைப் பாக்கெட்டைக் கரைத்த தண்ணீர். நர்ஸ் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"எத்தனை பாக்கெட் போட்டீங்க?"

"ரெண்டு."

"லிட்டருக்கு ஒண்ணுதானே சொன்னோம்?"

"கலவை கெட்டியா இருந்தாத்தானே நிக்கும்..."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். இரண்டு இரவாகத் தூங்காதவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது சுவர் இல்லங்க, குழந்தை. உப்பு ஏறினா இன்னும் வறண்டு போகும். உங்க கையாலயே கொன்னுருப்பீங்க."

அவன் குழந்தையை அக்கா மடியில் கிடத்திவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றாள் அக்கா, மெல்ல. "போன மாசம் என் பெரியவன் போயிட்டான். தண்ணி குடுக்கக் குடுக்க வயித்தால இன்னும் போகும்னு எல்லாரும் சொன்னாங்க... ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல. ட்ரிப்ஸ் போடப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு என் தம்பிதான் தூக்கிட்டு ஓடினான். பாதி வழியில இவன் தோள்லதான்... அதான் இந்தத் தடவை ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டான்."

நர்ஸ் புதுத் தண்ணீரை அளந்து அக்காவிடம் கொடுத்தாள். அக்கா கரண்டியைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். தண்ணீர் கன்னத்தில் கொட்டியது. வரிசையில் இன்னும் எத்தனையோ பேர். நர்ஸ் குடை எடுக்க மறந்து வெளியே போனாள்.

அவன் சுவரோரம் நின்றிருந்தான். முகத்தில் வழிந்தது மழை மட்டும்தானா?

"உள்ள வாங்க. ஒரு நிதானமான கை வேணும்."

"என் கையா? அதுதான் கொல்ற கையாச்சே."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது... மன்னிச்சிடுங்க. திட்டணும்னா அப்புறம் திட்டிக்கோங்க. இப்ப பாப்பாவுக்கு நேரமில்ல."

அவன் வந்தான். ஒரு லிட்டர், ஒரு பாக்கெட். அவனையே கலக்கச் சொன்னாள்.

"ருசி பாருங்க. கண்ணீரைவிட உப்பா இருக்கக் கூடாது."

அவன் பார்த்தான். "சரியா இருக்கு. அந்த ருசி எனக்கு இன்னும் மறக்கல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரண்டி கரண்டியாக ஊட்டினான். குழந்தை ஒருமுறை வாந்தி எடுத்தது. அவன் எழப் பார்த்தான்.

"உக்காருங்க. கொஞ்ச நேரம் விட்டு, இன்னும் மெதுவா."

"சுவரே எழுப்பியிருப்பேன் இந்நேரம்."

"கெட்டிக் கலவையிலயா?"

அவன் உதடு லேசாக வளைந்தது. அன்று அவன் முகத்தில் அவள் பார்த்த ஒரே சிரிப்பு...

பிற்பகலில் குழந்தை வீறிட்டது. இமையோரம் ஒரு துளி திரண்டு இறங்கியது. "அழறா," என்று பதறினான்.

"அழட்டும்... கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பாருங்க."

அவன் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான்.

அடுத்த வாரம் ஏணியும் சாந்துச் சட்டியுமாக வந்து நின்றான்.

"யார் கூப்பிட்டா?"

"கூரை ஒழுகுச்சே, அன்னிக்கு."

ஒழுகிய இடம் சின்னது. ஆனாலும் வேலை மூன்று நாள் நீண்டது. மூன்றாம் நாள், கடைசிக் குழந்தையும் வீட்டுக்குப் போன பிறகு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"எனக்கு எதுலயும் அளவு தெரியாதுங்க. உங்க விஷயத்துல... ரொம்பக் கெட்டியாயிடுச்சு. கரைக்க முடியல."

அவள் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை மறுபடி பிடித்தது.

"அதுல தண்ணி சேர்க்க வேணாம்," என்றாள், தலை நிமிராமல்.

பாப்பா பிழைத்தாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் குடியிருப்பில் மேலும் ஐந்து குழந்தைகள் இறந்தன. முந்தைய ஆண்டு இறந்தவை முப்பது.