டப்பாவுக்குள் புது டென்ஷனர்

காலை 9.10. டாக்சிக்காரர் பட்டறைக்குள் நுழைந்த வேகத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது. அவர் கையில் ஓர் அட்டை டப்பா.

"முதலாளி, உங்க மெக்கானிக் லட்சணத்தைப் பாருங்க. டென்ஷனர் மாத்திட்டேன்னான். புதுசு அப்படியே டப்பாவுல இருக்கு!"

எஞ்சினுக்குள் டைமிங் செயின் தளராமல் அழுத்திப் பிடிக்கும் கட்டைவிரல் அளவு சாமான்தான் டென்ஷனர். தேய்ந்தால் செயின் கடகடக்கும். கழற்றிய பழசைப் புதுசு வந்த டப்பாவிலேயே போட்டு வண்டிக்காரரிடம் கொடுப்பது இந்தப் பட்டறை வழக்கம். ஆனால் இந்த டப்பாவில் பளபளவென்று ஒன்று கிடந்தது. தண்டு உள்ளே அமுங்கி, துள்ளாமலிருக்கக் குறுக்கே ஒரு கம்பி. புதுசு அப்படித்தான் வரும்; பொருத்திய பிறகே கம்பியை உருவுவார்கள்.

மெக்கானிக்கின் முகம் கிரீஸையும் மீறி வெளுத்தது. "நான் பழசைத்தான்ணே போட்டேன்..."

"கை வைக்காத! சாயங்காலத்துக்குள்ள நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்றார் முதலாளி.

நாளைக்குத்தான் அவன் டாக்சிக்காரரின் தங்கையைப் பெண் கேட்கப் போவதாக இருந்தான். வேலையில்லாமல் எந்த முகத்தோடு போவது? விஷயம் தெரு முழுக்கத் தெரியும். டாக்சிக்காரருக்கு மட்டும் தெரியாது என்று தெரு நம்பிக்கொண்டிருந்தது.

9.25. எதிர்க்கடைத் தையல்காரம்மா ஊசி கடன் கேட்டு வந்தார். பட்டறையில் ஊசி ஏது என்று யாரும் கேட்கவில்லை.

"டப்பா எங்க இருந்துச்சு தம்பி?" என்று டாக்சிக்காரரைக் கேட்டார்.

"பின் சீட்டுல. நாலு நாளா. இன்னிக்குத்தான் திறந்தேன்."

"சத்தம் வருதா?"

"காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும். இப்ப எஞ்சின் சூடு, கேக்காது."

எஞ்சினைப் பிரித்துப் பார்க்க ஒரு நாள் முழுதாகும். முதலாளி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மெக்கானிக் ஒரே ஸ்பேனரை நாலாவது தடவை துடைத்தான். டாக்சிக்காரர் மேஜையில் வைத்திருந்த சவாரிச் சீட்டுகள் மின்விசிறிக் காற்றில் பறக்க, தையல்காரம்மா பொறுக்கிக் கொடுத்தார். மற்ற நாள் கட்டுகளில் கிளிப் இருந்தது. நேற்றைய சீட்டுகள்தான் உதிரியாகப் பறந்தவை.

9.40. தையல்காரம்மா டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஊசியோட குடும்பம் நடத்துற கண்ணு இது முதலாளி. புதுசுல வர்ற கம்பி நேரா இருக்கும்ல? இதுல மூணு இடத்துல வளைச்சு நிமித்தின தடம். இது பேப்பர் கிளிப்."

உருவினார். டக்கென்று தண்டு துள்ளி வெளியே வந்தது. அதன் மேல் முழுக்கத் தேய்ந்த கீறல்கள்.

"பழசேதான். பெட்ரோல்ல கழுவி, அமுக்கி, கிளிப்பைச் சொருகியிருக்கு. நேத்து சீட்டோட கிளிப் எங்க தம்பி?"

டாக்சிக்காரர் பக்கத்திலிருந்த டயர் மீது உட்கார்ந்துவிட்டார்.

"என் தங்கச்சிக்குக் கிரீஸ் கைக்காரனா மாப்பிள்ளை? வேலை போனா தானா விலகிடுவான்னு பார்த்தேன்."

"நல்லா பார்த்தீங்க போங்க. அவ போன வாரமே என்கிட்ட கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தாச்சு."

முதலாளி முஷ்டியை முறுக்கிக்கொண்டு டாக்சிக்காரரிடம் வந்தார். மெக்கானிக் குறுக்கே நின்றான். கையை இரண்டு தடவை துணியில் துடைத்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்து நீட்டினான்.

"சவாரிக்கு நேரமாச்சு, கிளம்புங்க மச்சான். நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேன். வீட்டுல இருங்க."