குடும்பப் படத்தில் ஓர் இடைவெளி

நேற்று சாயங்காலம் ஒரு முழம் இருந்த இடைவெளி, இன்று காலையில் ஒரு சாண்தான் இருந்தது.

வானதி காப்பி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பவும் கையால் அளந்தாள். திருவிடைமருதூர் வாடகை வீட்டின் சுவரை அடைத்து நின்ற கேன்வாஸ் துணியில், ஆள் உயரத்துக்குக் கரியால் அவள் வரைந்த குடும்பம்: அப்பா பஞ்சநதம், அம்மா பிரகதாம்பாள், தங்கை ஜெயபாரதி. அம்மாவுக்கும் தங்கைக்கும் நடுவில் வானதிக்கு இடம். அங்கே தன்னை மூன்று முறை வரைந்தாள். மூன்று முறையும் ரப்பரால் அழித்தாள். படம் வரைந்தே பிழைத்துக்கொள்கிறேன் என்று சண்டை போட்டுக் கிளம்பி ஒன்பது வருஷம். எந்த முகத்தோடு போய் நடுவில் நிற்பது?

இன்று திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம்.

"நீ வந்து ஒரு கலசத் தண்ணி ஊத்தினா போதும்க்கா. அம்மா அழுகை நின்னுடும்," என்று நேற்று ஜெயபாரதி போனில் கெஞ்சினாள்.

"படத்தை அனுப்பறேன்டி. என்னை விடு."

போகவும் அலுப்பு, போகாமலிருக்கவும் அலுப்பு. ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். ரைஸ் மில்லிலிருந்து நெல் அவிக்கும் வாசனை, வாய்க்காலில் மோட்டார் தண்ணீர் விழும் சளசளப்பு, அதற்கு நடுவே முதுகுக்குப் பின்னால், துணியில் கரி உரசுகிற சரசரப்பு.

திரும்பினாள்.

போட்டோக்காரர் நெருங்கி நிற்கச் சொன்னதுபோல் அம்மாவும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். இடைவெளி இல்லை. அழித்த இடத்தில் மிச்சமிருந்த சாம்பல் நிழலும் இல்லை. தரையில், காலையிலிருந்து அவள் கவனிக்காத கரிக் காலடிகள். வாசல் வரைக்கும். வெளியே போனவை.

அடக் கடவுளே, நேற்றே போயிருக்கணும்.

போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, வானதி பேசறேன். இதோ கிளம்பிட்டேன்மா."

நாதஸ்வரச் சத்தத்தில் அம்மா சிரித்தாள். ஒன்பது வருஷமாகக் கேட்காத சிரிப்பு. "யாருங்க நீங்க? என் பொண்ணு விடியறப்பவே வந்துட்டாளே. பக்கத்துலதான் நிக்கறா."

"ராங் நம்பரா இருக்கும். வைம்மா," என்றது இன்னொரு குரல்.

அது வானதியின் குரல்.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. சல்லடை வழியே கலசத் தண்ணீர் கொட்ட, அப்பாவும் அம்மாவும் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நின்றவள் அம்மாவின் தோளைப் பிடித்திருந்தாள். பட்டுப்புடவையில் ஐந்து கரி விரல்கள். தண்ணீர் தெறித்த பக்கம் முகம் பாதி கரைந்து வழிந்தது. மீதிப் பாதி சிரித்தது.

அந்தக் கைமேல் அம்மா கன்னத்தைச் சாய்த்திருந்தாள்.