நிலையில் விழுந்த கோடு

புதுப் பெயிண்டின் மேல் ஒரு பென்சில் கோடு கிடந்தது. உள்ளறைக் கதவு நிலையில், அவர் இடுப்புக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நீளத்துக்கு.

பழைய வீட்டை வாங்கி, மனைவி மகளோடு அதிலேயே தங்கிச் சரிசெய்து, விலையை ஏற்றி விற்பது அவர் தொழில். பூசி மெழுகுவதில் ஆள் கெட்டிக்காரர். இந்த வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்தார். காரை உதிர்ந்த தளம் தெரியாமல் ஃபால்ஸ் சீலிங் அடித்து, விளக்குகளுக்கு வட்ட வட்டமாக ஓட்டை போட்டார். வீட்டை விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்.

"அந்த நிலையை மட்டும் தேய்ச்சிடாதீங்க. எங்க பையன் உயரத்தைக் குறிச்சு வச்சிருக்கோம். கடைசிக் கோட்டுக்கு மேல அவன் வளரல."

மண்டையை ஆட்டிவிட்டு, மறுவாரமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார். வாங்க வருகிறவனுக்கு அடுத்தவன் பிள்ளையின் உயரம் எதற்கு?

கோட்டைப் பார்த்ததும் மகளைத்தான் அதட்டினார். துடைத்தார். மறுநாள் அதே நிலையில் ஒரு முழம் மேலே இன்னொன்று. அடுத்த நாள், அவர் தலைக்கும் மேலே.

"எனக்கு அவ்ளோ எட்டாதுப்பா," என்றாள் மகள்.

சாயங்காலமானால் காயாத பெயிண்ட் வாசனைக்கு அடியில் வேறொரு வாடை, நாள்கணக்கில் கழுவாத தலையின் எண்ணெய்ச் சிக்கு, வருகிறது என்றாள் மனைவி. அவருக்கும் வந்தது. ஊதுபத்தி ஏற்றி வைத்தார்.

"கிளம்பிடலாங்க. பயமா இருக்கு."

"நாளைக்குப் பார்ட்டி பார்க்க வர்றாங்க. பூட்டிக் கிடந்தா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. ஒரு நாள் பொறுத்துக்கோ."

மறுநாள் பொழுது சாய்ந்தது. பார்ட்டி இன்னும் வரவில்லை. மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கோடுகள் நிலையைத் தாண்டி, சுவரில் ஏறி, சீலிங்கைத் தொட்டிருந்தன. எல்லாவற்றையும் ஏணி போட்டுத் தேய்த்துவிட்டு, கை கழுவச் சமையலறைக்குப் போனவர், உப்புத்தாளைக் கீழே வைத்த பிறகும் அந்தச் சரசரப்பு நிற்காமல், தலைக்கு மேலே, சீலிங் பலகைக்குப் பின்னால், நிமிர இடமில்லாத ஒருவர் தோளை மாற்றி மாற்றி வைத்து நகர்வதுபோல, உள்ளறைப் பக்கம் போவதைக் கேட்டார்.

உள்ளறையில் மகள் இருந்தாள்.

ஓடினார்.

அவள் நிலையில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். குதிகால்கள் ஒட்டி. மோவாய் நேராக.

"இங்க வா கண்ணு."

"அசையக் கூடாதாம்ப்பா."

மேலே ஓட்டையில் விளக்கு இல்லை. ஒரு கை இருந்தது. அவள் தலைவரை இறங்கியிருந்தது. முழங்கை இன்னும் உள்ளேதான்.

அவர் கால் நகரவில்லை.

விரல்களில் ஒரு குட்டைப் பென்சில். அது அவள் உச்சந்தலையில் படுத்தது. நிலையில் மெதுவாக ஒரு கோடு இழுத்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு.

அந்தப் பையனின் கடைசிக் கோடு இருந்த அதே இடத்தில்.